ஏலத்தில் ஏறிய செம்பு

சர்ச்சில் நடக்கும் அறுப்பின் பண்டிகை ஏலத்தில் ஓர் எலுமிச்சம்பழத்தை இரண்டாயிரம் ரூபாய்க்கு விற்கத் தெரிந்தவர் கிழக்குத் தாம்பரத்தில் ஒருவர்தான். அவர் அசரியா. ஒரு தனியார் பொறியியல் கல்லூரியின் தேர்வுப் பிரிவில் சூப்பரின்டெண்ட். மற்ற நாளெல்லாம் ஹால் டிக்கெட்டுகளுக்கு முத்திரை குத்துகிற கை, வருஷத்தில் அந்த ஒரு நாள் ஆலய வளாகத்து ஷாமியானாவுக்குக் கீழே மைக்கைப் பிடிக்கும். வாழைத்தார், பூசணி, கரும்புக்கட்டு, கால் கட்டிய சேவல் எல்லாம் தங்கள் முறைக்குக் காத்திருக்கும். விலை ஏறுவது பொருளுக்காக அல்ல, காணிக்கைக்காக என்பது சபையில் எல்லோருக்கும் தெரியும். ஏலம் எடுத்தவரே, 'மறுபடி ஏலம் விடுங்க' என்று பொருளைத் திருப்பிக் கொடுப்பதும் வழக்கம். அப்படி ஒரு சேவல் அடுத்தடுத்துப் பல வீடுகளுக்குச் சொந்தமாகி, கடைசியில் எந்த வீட்டுக் குழம்புக்கும் போகாமல் தப்பித்த வருஷமும் உண்டு.

அந்த வருஷம் அசரியாவே ஒரு பொருள் கொண்டுவந்தார். ஊரே பூசணிக்காய் தூக்கிக்கொண்டு வரும்போது தான் மட்டும் வேறு எதையாவது கொண்டுவர வேண்டும் என்ற அரிப்பு. செல்போனில் யாரோ ஒருவர் செம்பை 'ஏழைகளின் தங்கம்' என்று பேசிய வீடியோவைப் பார்த்துவிட்டு, கூடுவாஞ்சேரியில் ஒரு கடைக்குப் போய்ச் சில செம்புக் கட்டிகள் வாங்கி வைத்திருந்தார். சோப்புக் கட்டி அளவு, ஒரு கிலோ எடை, மேலே ஒரு சிங்க முகம். அதில் ஒன்றைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினார்.

"பூசணி அழுகிடும். சேவல் செத்துடும். இது அப்படியே இருக்கும். நம்ம ஐயர் பிரசங்கம் மாதிரி, முடிவே கிடையாது!"

சபைப் போதகரான ஐயர் உட்பட எல்லோரும் சிரித்தார்கள். வீடு கட்டித் தரும் ஸ்டெபின் முதலில் கேட்டார். வாழைத்தார் கிடைக்காத ஒருவர் அவருக்கு மேலே போனார். எடுத்தவர் திருப்பிக் கொடுத்தார். மறு ஏலத்தில் இன்னும் ஏறியது. அதையும் எடுத்தவர் திருப்பிக் கொடுத்தார். மூன்றாவது முறை ஸ்டெபின் வீம்புக்கு ஒரு தொகை சொல்ல, கைதட்டல் ஷாமியானாவைத் தூக்கியது. அசரியாவையும் தூக்கியது.

"பாத்தீங்களா? நான் வாங்கின விலைக்கு ஆறு மடங்கு! அரை மணி நேரத்துல! எந்த பேங்க்ல குடுப்பான்?"

நகைச்சுவையாகத்தான் சொன்னார். சத்தியமாக நகைச்சுவையாகத்தான் சொன்னார். இதைப் பிற்பாடு அவர் தனக்குத்தானே அடிக்கடி சொல்லிக்கொள்ள வேண்டியிருந்தது.

ஏலம் முடிந்து பிரியாணிப் பொட்டலம் கொடுக்கும் இடத்தில் ரத்தினபாய் அக்கா அவரைப் பிடித்துக்கொண்டார். அரசு மருத்துவமனையில் நர்ஸாக இருந்து ஓய்வுபெற்றவர். கணவர் இல்லை. மகள் ஜெரூஷாவுக்குச் சிறுசேரியில் வேலை. அங்கேயே பக்கத்தில் குடித்தனம். அக்கா மட்டும் இரும்புலியூரில், லிஃப்ட் இல்லாத ஒரு கட்டடத்தின் இரண்டாவது மாடியில் இருந்தார். இரண்டு முழங்காலும் தேய்ந்துபோயிருந்தன. ஆனால் அசரியா மைக்கைத் தொட்டதும் சபையில் முதலில் சிரிப்பது அவர்தான். கோமாளிக்கு அப்படி ஒருவர் முன்வரிசையில் இருந்தால் போதும், ஆலயமே நிறைந்த மாதிரி.

"தம்பி, வெளையாட்ட விடு. நெசமா சொல்லு. இதுல காசு போட்டா ஏறுமா? முட்டி ஆபரேஷனுக்குன்னு வெச்சிருக்கேன். பேங்க்ல சும்மா தூங்குது."

அசரியாவுக்குச் செம்பைப் பற்றித் தெரிந்ததெல்லாம் அந்த வீடியோ ஓடிய பத்து நிமிஷம். ஆனால் காதில் கைதட்டல் இன்னும் அடங்கவில்லை.

"என்னக்கா இப்படிக் கேக்கறீங்க? நாளைக்கு ரோட்ல ஓடப்போறதெல்லாம் கரண்ட்டு வண்டி. உள்ள பூரா காப்பர் ஒயரு. ஏறாம எங்க போவும்?"

"வேணுங்கறப்ப வித்துக்கலாமா?"

"தங்கம் மாதிரிதான்க்கா."

அடுத்த வாரமே கூடுவாஞ்சேரிக்குக் கூட்டிப் போனார். ஷ்யாம்சுந்தர் என்ற கடைக்காரர் ஏசி அறையில் உட்காரவைத்து ஜூஸ் கொடுத்தார். கழுத்தில் டை, முகத்தில் மருமகனுக்குரிய பணிவு. "தூக்கிப் பாருங்கம்மா. ஷேர் மார்க்கெட்ல காசு போட்டா இப்படித் தூக்கிப் பாக்க முடியுமா?" என்றார். ரத்தினபாய் அக்கா தூக்கிப் பார்த்தார். கனமாக இருந்தது. கனமாக இருப்பதெல்லாம் மதிப்பாகவும் இருக்கும் என்று நம்புவதற்கு நம்மில் யாருக்கும் தனியாகப் படிப்பு வேண்டியதில்லை.

அந்தக் கட்டிகளை அரிசிப் பைகளில் போட்டு, இரண்டு மாடி ஏறி இறங்கி ஏறி, அக்காவின் கட்டிலுக்கு அடியில் அடுக்கியது அசரியாதான். மூச்சு வாங்கிக்கொண்டே, "பணக்காரங்களா இருக்கறது எவ்ளோ கஷ்டம் பாத்தீங்களா அக்கா?" என்றார். அக்கா வயிறு குலுங்கச் சிரித்து மோர் கொடுத்தார். குனிந்து அந்தக் கட்டிகளில் ஒன்றைக்கூட அக்காவால் வெளியே இழுக்க முடியாது என்பது அப்போது இருவருக்குமே தோன்றவில்லை.

அறிமுகப்படுத்தியதற்காக ஷ்யாம்சுந்தர் அசரியாவுக்கு வெல்வெட் பெட்டியில் ஒரு செம்பு நாணயம் கொடுத்தார். பளபளவென்று இருந்தது. அதன் பிறகு பாடகர் குழுவில் இருவரையும், ஞாயிறு பள்ளி ஆசிரியை ஒருவரையும் அசரியா அதே கடைக்குக் கூட்டிப் போனார். வீட்டு ஷோகேஸில் வெல்வெட் பெட்டிகள் கூடின.

மழைக்காலம் போய் வெயில் வந்தது. ஜெரூஷா ஒரு நல்ல டாக்டரைப் பார்த்து ஆபரேஷனுக்கு நாள் குறித்துவிட்டாள். அக்கா போன் செய்தார். "தம்பி, எல்லாத்தையும் வித்துக் குடுத்துடுப்பா."

"ஒரு போன் போட்டா போதும்க்கா," என்றார் அசரியா.

ஒரு போன் போதவில்லை. "இப்பப் போய் விக்கறீங்களே சார்! மார்க்கெட்டு இப்பதான் சூடு பிடிக்குது," என்றார் ஷ்யாம்சுந்தர். அதற்குப் பிறகு அவர் எப்போதும் மீட்டிங்கில் இருந்தார். அசரியா கல்லூரியில் பர்மிஷன் போட்டுவிட்டு நேரிலேயே போனார். இந்த முறை ஜூஸ் வரவில்லை.

"நீங்க திருப்பி எடுப்பீங்களா, மாட்டீங்களா?"

"சார், நாங்க செல்லிங் சைடு."

"அப்ப பையிங் சைடு யாரு?"

"அது கஸ்டமரோட சாய்ஸ் சார்."

"வாங்கறவன் யாருன்னு கேக்கறேன்."

"லாங் டேர்ம்ல யோசிங்க சார். இது அசெட்."

"அந்தம்மாவுக்கு முட்டி வலி சார். லாங் டேர்மா நிக்கக்கூட முடியாது."

ஷ்யாம்சுந்தர் அதற்கு ரசித்துச் சிரித்தார். அசரியாவின் வாழ்க்கையிலேயே தன் ஜோக்குக்கு ஒருவர் சிரித்ததற்காக அறைய வேண்டும்போல் தோன்றியது அன்றுதான்.

மறுநாள் மாலை, அக்கா வீட்டிலிருந்து கட்டிகளில் இரண்டையும் பில்லையும் மாதிரிக்கு எடுத்து ஸ்கூட்டரில் வைத்துக்கொண்டு தாம்பரம் மார்க்கெட்டில் பழைய பாத்திரம் எடுக்கும் குணாவின் கடைக்குப் போனார். குணா கட்டியைப் பார்த்தான். பிறகு அசரியாவைப் பார்த்தான். பிறகு தெருவை இரண்டு பக்கமும் பார்த்தான்.

"இன்னா சார், எங்கருந்து வந்துச்சு இது? ஈபி மாலா?"

"ஈபியா? யோவ், நான் காலேஜ்ல சூப்பரின்டெண்டு!"

"கோச்சிக்காத சார். டிரான்ஸ்பார்மர்ல காப்பர் அட்ச்சினு வந்து இங்க தள்ளிட்டுப் பூடுறானுங்க. அப்பாலிக்கா போலீஸு நம்ம வூட்டாண்ட வந்து நிக்கிது. பேஜாரு. பில்லு கீதா?"

பக்கத்தில் குண்டான் ஒன்றைப் பேரம் பேசிக்கொண்டிருந்த ஒரு பெண் திரும்பி அசரியாவைத் தலை முதல் கால் வரை அளந்தாள். அவருடைய கல்லூரியிலேயே கூட்டிப் பெருக்குபவள். "சார், நீங்களா?" என்று வாயைப் பொத்திக்கொண்டாள். அசரியா பில்லைக் காட்டினார். அது தன் பெயரில் இல்லை, ரத்தினபாய் என்ற பெயரில் இருக்கிறது என்பது அப்போதுதான் உறைத்தது. விளக்கினார். விளக்க விளக்க இன்னும் திருட்டுத்தனமாகத் தோன்றியது. கடைசியில் குணா ஒரு விலை சொன்னான். எந்தப் பழைய செம்புக்கும் அவன் கொடுக்கிற விலை. அக்கா கொடுத்ததில் பாதிகூட இல்லை.

வேடிக்கை என்னவென்றால், செம்பு விலை ஏறித்தான் இருந்தது. அசரியா சொன்னது பலித்திருந்தது. ஆனால் கூடுவாஞ்சேரியில் அக்கா கொடுத்தது செம்பின் விலையை மட்டும் அல்ல. சிங்க முகத்தின் விலை, ஏசியின் விலை, டையின் விலை, இரண்டு டம்ளர் ஜூஸின் விலை எல்லாம் அதில் அடக்கம். திரும்பி வரும் வழியில், சானடோரியம் சிக்னலில் சிவப்பு விளக்குக்கு நின்றபோது, இன்னொன்றும் அடக்கம் என்று அசரியாவுக்குப் புரிந்தது. வெல்வெட் பெட்டியில் தனக்கு இலவசமாக வந்த நாணயம். அது இலவசம் அல்ல. அக்காவின் முழங்காலிலிருந்து எடுத்தது. பச்சை விளக்கு விழுந்தும் அவர் வண்டியை எடுக்கவில்லை. பின்னால் நின்ற வேன்காரன் அவருடைய அம்மாவையும் சேர்த்துத் திட்டினான். அன்று அது நியாயமாகவே பட்டது.

போனில் அக்காவிடம் உண்மையைப் பாதி சொன்னார். இப்போது விற்றால் நஷ்டம் வரும், கொஞ்சம் பொறுத்துப் பார்க்கலாம் என்றார். ஷ்யாம்சுந்தரின் வசனமே தன் வாயில் வந்தது அவருக்குக் கேட்டது.

"சரிப்பா. அவசரமில்ல."

"அக்கா, என் மேல கோவமா?"

"அட, அதெல்லாம் இல்லப்பா. கர்த்தர் பாத்துப்பார்."

அடி விழும் என்று கன்னத்தைக் காட்டிக்கொண்டு நிற்கிறவனுக்குத் தடவிக்கொடுத்தால் எப்படியிருக்கும்? அசரியாவுக்கு அப்படி இருந்தது. அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் பின்வரிசைக்கு மாறினார். ஆசீர்வாதம் முடியுமுன்பே செருப்பை மாட்டினார். விசாரித்தவர்களிடம், பின்னால் மின்விசிறி நன்றாகச் சுற்றுகிறது என்றார்.

ஒரு நாள் மேற்குத் தாம்பரத்திலிருந்து வீட்டுக்கு வர ரயில்வே நடைமேம்பாலத்தின் படியில் கால் வைத்தவர், மேலே அக்காவைப் பார்த்தார். ஒரு கையில் காய்கறிப் பை, மறு கையால் கைப்பிடியைப் பிடித்து, ஒரு படிக்கு இரண்டு காலையும் வைத்து, நின்று, மூச்சு விட்டு, அடுத்த படி. மின்சார ரயிலைப் பிடிக்க ஓடும் கூட்டம் அவரை இரு பக்கமும் உரசிக்கொண்டு போனது. ஓடிப்போய்ப் பையை வாங்க வேண்டும். அவ்வளவுதான் செய்ய வேண்டியது. அசரியா திரும்பி இறங்கி, டீக்கடைக்குள் புகுந்து, தொங்கிக்கொண்டிருந்த வாழைப்பழத் தாருக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டு நின்றார். ஐம்பது வயதைத் தாண்டிய மனிதர். "பழமா சார்?" என்று கடைக்காரர் கேட்டார். வேண்டாத நாலு பழத்தை வாங்கிக்கொண்டு, அக்கா மறுபக்கம் இறங்கியிருப்பார் என்று உறுதியான பிறகே வெளியே வந்தார்.

ஆபரேஷன் நாள் வந்தது, போனது. டாக்டரே தள்ளிப்போட்டுவிட்டார் என்று மகளிடம் அக்கா பொய் சொல்லியிருக்கிறார் என்பது அசரியாவின் மனைவி கெசியா மூலம்தான் தெரிந்தது. கெசியா பள்ளிக்கூட ஆசிரியை. ஜெரூஷா அவளிடம் படித்தவள், போனில் புலம்பியிருக்கிறாள்.

"அம்மா எதையோ மறைக்கறாங்க மிஸ்னு அழுவுறா," என்றாள் கெசியா, ஷோகேஸைத் துடைத்துக்கொண்டே. வெல்வெட் பெட்டி ஒன்றைத் திறந்தாள். அடுத்ததைத் திறந்தாள். "இதெல்லாம் எதுக்குக் குடுத்தாங்க உங்களுக்கு?"

"கூட்டிட்டுப் போனதுக்கு."

"ஆளுக்கு ஒண்ணா?"

அசரியாவுக்குப் பழக்க தோஷம். "காட்டிக்குடுத்ததுக்கு யூதாசுக்கு வெள்ளி குடுத்தாங்க. எனக்குச் செம்பு. ரேட்டு கொறஞ்சிடுச்சு," என்றார்.

கெசியா சிரிக்கவில்லை. பெட்டியை மூடி அவர் கையில் வைத்தாள்.

"நல்லா இருக்கு. இத அப்படியே போய் அக்கா முன்னாடி சொல்லுங்க."

அன்று இரவுச் சாப்பாடு முடிந்தது. தட்டைக் கழுவி வைத்தபின் கெசியாவே சொன்னாள்: "என் பிஎஃப்ல லோன் போடலாம். அந்தக் கட்டியெல்லாம் அவங்க குடுத்த விலைக்கே நாம எடுத்துக்குவோம். மத்த மூணு பேருக்கும் மெல்ல மெல்ல. ஆனா காசக் குடுத்து வாயை மூடறதா இருந்தா நான் ஒத்துக்க மாட்டேன். எல்லார் முன்னாடியும் சொன்னீங்க இல்ல? எல்லார் முன்னாடியும் தப்புன்னு சொல்லுங்க."

ஞாயிற்றுக்கிழமை அறிவிப்பு நேரத்தில் ஐயரிடம் அனுமதி கேட்டு அசரியா முன்னால் போனார். மைக்கைத் தொட்டார். அவர் வாயைத் திறக்குமுன்பே சபையில் ஒரு கலகலப்பு ஓடியது.

"அறுப்பின் பண்டிகையில நான் காப்பரப் பத்திச் சொன்னது தப்பு," என்றார்.

சிரித்தார்கள்.

"வெளையாட்டு இல்ல. ஏலத்துல ஏறினது காணிக்கை. அத வெலைன்னு சொன்னேன். என்னை நம்பிச் சில பேரு காசு போட்டாங்க. அதக் கடையில கொண்டுபோனா பாதி கூடத் தேறல. என்னையே திருடன்னு நெனச்சுட்டான்."

பின்வரிசை வரைக்கும் சிரித்தது. "சிரிக்காதீங்க," என்றார். அதற்கு இன்னும் சிரித்தார்கள். "அடுத்த வருஷம் பித்தளை கொண்டாங்கண்ணே!" என்று ஸ்டெபின் குரல் கொடுத்தார். பாடகர் குழுவில் இருவர் மட்டும் பாட்டுப் புத்தகத்துக்குள் முகத்தைப் புதைத்திருந்தார்கள். ஞாயிறு பள்ளி ஆசிரியை சேலைத் தலைப்பின் நுனியைத் திருகிக்கொண்டிருந்தார். ஒவ்வொருவர் கட்டிலுக்கு அடியிலும் ஒரு சிங்கம் படுத்திருந்தது. பக்கத்தில் இருப்பவருக்கு அது தெரியாது. அசரியாவுக்குக் கண் கலங்கியது. கைக்குட்டையை எடுத்தார். அதுவும் நடிப்பு என்று நினைத்துச் சிலர் கைதட்டினார்கள். இத்தனை வருஷம் தேடிச் சம்பாதித்த கைதட்டல் அது. எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியாமல் அவர் இறங்கினார்.

முன்வரிசையில் ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை.

ஆராதனை முடிந்து கூட்டம் கலைந்ததும், வாசல் வேப்பமரத்தடியில் ஆட்டோவுக்காகப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்த ரத்தினபாய் அக்காவிடம் அசரியா போனார். நின்றுகொண்டு பேச மனம் வரவில்லை. மண்ணிலேயே குந்தினார். மற்ற மூன்று பேரையும் கூட்டிப் போனதை, ஆளுக்கொரு நாணயம் வாங்கியதைச் சொன்னார். மேம்பாலத்தில் பார்த்துவிட்டு ஒளிந்ததைச் சொன்னார். கெசியா போடப்போகும் லோனைப் பற்றிச் சொன்னார். ஜோக் எதுவும் வரவில்லை. வந்திருந்தாலும் சொல்லியிருக்க மாட்டார். பிறகு கேட்டார்.

"அக்கா, கர்த்தர் பாத்துப்பார்னு சொல்லாதீங்க. நீங்க சொல்லுங்க. என் மேல கோவம் இருக்கா?"

ஆட்டோ வந்து நின்று ஹாரன் அடித்தது. "இருப்பா, வர்றேன்," என்று ரத்தினபாய் அக்கா அதை அடக்கினார்.

"இருக்கு," என்றார். "நெறைய இருக்கு. ராத்திரி திரும்பிப் படுக்கறப்பல்லாம் இருக்கு. கோவம் இல்லன்னு உன்கிட்ட சொன்னது பொய். ஆபரேஷன் தள்ளிப்போச்சுன்னு என் பொண்ணுகிட்ட சொன்னதும் பொய். ஏமாந்துட்டேன்னு சொல்ல வெக்கம். நான் வாயத் தொறந்திருந்தா நீ சொன்ன அந்த மூணு பேருக்கும் அப்பவே விஷயம் தெரிஞ்சிருக்கும். அது என் தப்பு. இன்னிக்கே ஜெரூஷாகிட்ட சொல்லிடுவேன்."

அசரியா தலைகுனிந்தார்.

"நிமிர்ந்து பாரு. கேட்டே இல்ல? முழுசா கேளு. அந்தக் காசக் கொண்டா. வேணாம், பரவால்லன்னு பெருந்தன்மையெல்லாம் பேச மாட்டேன். எனக்கு முட்டி வேணும். நான் செம்ப நம்பிக் காசு போடல தம்பி. செம்பப் பத்தி எனக்கு என்ன தெரியும்? உன்னை நம்பிப் போட்டேன். வேணுங்கறப்ப விக்கலாமான்னு கேட்டேன். வாங்கறதுக்கு யாரு இருக்கா, என்ன வெலைக்கு எடுப்பான்னு உனக்கே தெரியாது. தெரியாதுன்னு சொல்லியிருந்தா நான் பிரியாணிய வாங்கிட்டு வீட்டுக்குப் போயிருப்பேன். ஒரு பொருள விக்கறவன் பொய் சொன்னா, அது அவன் பொழப்பு. கூடப் பழகுன ஆளு தெரியாதத தெரியும்னு சொன்னா, அதுக்கு மேல நாங்க யார்கிட்டப் போய்க் கேக்கறது?"

நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்து எழ முயன்றார். அசரியா அவசரமாக எழுந்து கை கொடுத்தார். அந்தக் கையை அக்கா பிடித்துக்கொண்டார். முழு எடையையும் அதில் வைத்து எழுந்து நின்றார்.

"தெரியாதுன்னு சொல்ல அன்னிக்கு நீ கொஞ்சம் வெக்கப்பட்டே. அதுக்குத்தான் இன்னிக்கு இவ்ளோ படுற."